சிஎஸ்எஸ் புரொஃபைல்: நம்ம சம்பளத்துக்குக் கல்லூரி தன் கைக்காசைத் தருமா?

2024 அக்டோபர் 5 (நியூ ஜெர்சி பிளெயின்ஸ்போரோ அப்பா கேட்டது)

ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல சம்பாதிக்கற வீட்டுக்குத் தனியார் கல்லூரி ஒரு பைசா தராது. ஃபாஃப்சா இலவசம், அதைப் போட்டா போதும். சிஎஸ்எஸ் புரொஃபைல்னு ஒண்ணு இருக்கு, காசையும் வாங்கிக்கிட்டு நம்ம ஜாதகத்தையும் வாங்கிக்கறாங்க. அதைப் போட்டு உருப்படியா ஏதாவது கிடைச்சவங்க யாராவது இருக்கீங்களா?

2024 அக்டோபர் 6

ஜாதகம்னு சொன்னது சரி சார். ஒரு பைசா கிடைக்காதுன்னதுதான் தப்பு.

ஃபாஃப்சா அரசாங்கப் படிவம். வருமானம் குறைஞ்ச வீட்டுக்கான பெல் மானியம், ஃபெடரல் கடன், படிச்சுக்கிட்டே வேலை பார்க்கற வொர்க்-ஸ்டடி எல்லாம் அது வழியா வரும். நம்ம மாதிரி வருமானத்துக்குப் பெல் கிடைக்காது, கடன்தான் கிடைக்கும். சிஎஸ்எஸ் புரொஃபைல், எஸ்ஏடி பரீட்சை வைக்கற காலேஜ் போர்டு நடத்தறது. கல்லூரி தன் அறக்கட்டளைப் பணத்திலிருந்து, தன் கைக்காசிலிருந்து கொடுக்கற மானியத்தை யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ண அதைக் கேக்குது. ஃபாஃப்சாவை மட்டும் போட்டுட்டுக் கல்லூரிப் பணம் வரலையேன்னா எப்படி வரும்? மளிகைக் கடையில சீட்டைக் கொடுத்துட்டு மருந்துக் கடையில நிக்கற கதைதான்.

கட்டணம் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 16. பையன் லிஸ்ட்ல ஒன்பது. 153 டாலர் கட்டினேன். வருமானம் ஒரு லட்சத்துக்குள்ள இருக்கற வீட்டுக்குக் கட்டணமே கிடையாது.

அரசுப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் இதைக் கேக்கறதில்லை. பெரிய பொண்ணு ரட்கர்ஸ்ல மூணாவது வருஷம், அவளுக்கு ஃபாஃப்சாவோட முடிஞ்சுது. மிச்சிகன், சேப்பல் ஹில் மாதிரி சில இடம் விதிவிலக்கு.

எங்களுக்கு 2023 வருமானம் 1,85,000. எங்களுக்கு என்ன வருதுன்னு பார்த்து இங்கேயே எழுதறேன். பூஜ்ஜியம் வந்தாலும் எழுதுவேன்.

2024 அக்டோபர் 6, இரவு

இன்னொண்ணு. படிவத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லூரி தளத்திலயும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், உதவி போக நம்ம கையிலிருந்து எவ்வளவு போகும்னு தோராயமாச் சொல்லும், அதைப் போட்டுப் பாருங்க. 2008 சட்டப்படி ஃபெடரல் உதவிப் பணம் வாங்கற எல்லாக் கல்லூரியும் அதை வச்சாகணும். பாதி கல்லூரி அதைத் தளத்தோட எந்த மூலையிலயோ ஒளிச்சு வச்சிருக்கும், தேடுங்க. வெல்ஸ்லி கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் லெவின் செஞ்ச ‘மைஇன்டியூஷன்’ ரொம்பச் சுருக்கம், சில கேள்வியிலேயே முடிஞ்சுடும். கோயில் வாசல்ல கிளி ஜோசியம் பார்க்கற நேரம்தான் ஆகும்.

2024 அக்டோபர் 13

சனிக்கிழமை சாயங்காலம் உக்காந்தது, ஞாயித்துக்கிழமை விடியக்காலை ரெண்டு மணிக்கு எழுந்தேன்.

வீட்டைப் பத்தி ஃபாஃப்சா கேக்கவே கேக்காது. இது கேக்கும். எந்த வருஷம் வாங்கினீங்க, என்ன விலை, இன்னிக்கு என்ன போகும், கடன் எவ்வளவு பாக்கி. வாங்கின வருஷமும் விலையும் எதுக்குன்னு யோசிச்சேன். நாம குறைச்சுச் சொன்னா அதை வச்சு அவங்களே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கலாம், அதுக்குத்தான்.

நாங்க 2011ல 4,10,000க்கு வாங்கினோம். வீட்டு விலைத் தளம் ஜில்லோ இன்னிக்கு 7,60,000ங்கறான். கடன் பாக்கி 1,90,000. ஆக எங்க கைவசம் ‘இருக்கறது’ 5,70,000. எங்கே இருக்கு? சுவத்துல. குளியலறைக் குழாய் ஒழுகுது, அதுக்கே ஆள் கூப்பிடாம வாளி வச்சிருக்கோம். ஆனா முழு வீட்டையும் சொத்தா எடுத்துக்கற கல்லூரி அதுல சுமார் 5 சதவீதத்தை வருஷா வருஷம் நாம கொடுக்க முடியும்னு நினைச்சுக்கும். 28,500 டாலர். சில கல்லூரி வருமானத்தைப் போல 1.2 மடங்குக்கு மேல வீட்டு மதிப்பை எண்ணாது. அங்கே 2,22,000தான் கணக்கு, 11,100 டாலர். பிரின்ஸ்டன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு மாதிரி இடத்துல குடியிருக்கற வீட்டை எண்ணறதே இல்லை. பூஜ்ஜியம்.

வீடு ஒண்ணுதான், பதில் மூணு. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறன்னு எல்லாரும் சொல்வாங்க. அந்த வேறங்கறதுக்கு 28,500 டாலர் விலைன்னு எனக்கு நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது. எந்தக் கல்லூரி என்ன பண்ணும்னு தளத்துல இல்லைன்னா மின்னஞ்சல்ல கேளுங்க. மூணு வரிதான் எழுதினேன்: வீட்டை எண்ணுவீங்களா, உச்சவரம்பு உண்டா, எவ்வளவு. ஏழு பேர் பதில் போட்டாங்க. ரெண்டு பேர் கையேட்டைப் படிங்கன்னாங்க.

2024 அக்டோபர் 14

வீட்டுல ரெண்டு பேர் படிச்சா பெத்தவங்க பங்கைப் பாதியாக்குவாங்கன்னு ஒருத்தருக்குத் தனியாச் சொன்னேன். தப்பு. பழைய ஃபாஃப்சா அப்படிப் பாதியாப் பிரிச்சுது. 2024-25லேருந்து அது இன்னொரு பிள்ளையைக் கணக்குலயே சேர்க்கறதில்லை. சிஎஸ்எஸ் கல்லூரிகள் நிறைய இன்னும் சேர்க்குது, ஆனா பாதி இல்லை; ரெண்டு பேர்னா ஒவ்வொருத்தருக்கும் 60 சதவீதம்ங்கறது வழக்கம். மன்னிச்சுக்கோங்க.

2024 அக்டோபர் 20

நிலம்.

படிவத்துல குடியிருக்கற வீடு தவிர வேற மனை, நிலம், கட்டடம் உண்டான்னு ஒரு கேள்வி. எந்த நாட்டுலன்னு அதுல இல்லை. வீட்டுக்காரரோட ஊர் பாபநாசம் பக்கம். மாமனார் போனப்புறம் 2 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை கூட்டுப் பட்டாவா நிக்குது. அத்தை, இவர், கொழுந்தன், நாத்தனார்னு நாலு பங்கு. உழறது வேற ஒருத்தர். வருஷத்துக்குச் சில மூட்டை நெல்லு அத்தைக்கு வருது. இதை எப்படி எழுதறது?

ஒரு வாரம் வீட்டுல சண்டை. “அது சொத்தே இல்லை, அப்பா நினைவு”ன்னு இவர். எழுதலைன்னா பொய்யாகுமேன்னு நான். அத்தைக்குப் போன் போட்டோம். “அமெரிக்காக்காரன் எதுக்குடா நம்ம பட்டா நம்பரைக் கேக்கறான்? நிலத்தை எடுத்துக்கப் போறானா?” அரை மணி நேரம் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது.

கடைசியில பதிவுத்துறைத் தளத்துல வழிகாட்டி மதிப்பைப் பார்த்தோம். சென்ட்டுக்கு 8,000 ரூபாய் பக்கம். எங்க பங்கு 60 சென்ட், 4,80,000 ரூபாய். டாலருக்கு 84 ரூபாய்னா 5,714. அதுல 5 சதவீதம் வருஷத்துக்கு 286 டாலர்.

286 டாலருக்காக ஒரு வாரம் பேசாம இருந்தோம்.

2024 அக்டோபர் 22

தாம்பரத்துல வாடகைக்கு விட்ட பிளாட்டைக் காட்டணுமான்னு கேட்ட தம்பிக்கு: காட்டணும். இங்கே வரி கட்டறவங்க உலகத்துல எங்கே சம்பாதிச்சாலும் 1040 வரிப் படிவத்துல சொல்லணும், வாடகை அதோட இணைப்பான ஷெட்யூல் ஈல வந்திருக்கும். ஐடாக்னு ஒரு வாசல் இருக்கு, வரிப் படிவம், சம்பளச் சான்றான டபிள்யூ-2 எல்லாம் ஸ்கேன் பண்ணி அதுல ஏத்தச் சொல்வாங்க. புரொஃபைல்ல வீடே இல்லை, ஷெட்யூல் ஈல வாடகை வருதுன்னா ஆபீஸ்ல இருக்கறவங்க கண்ணுக்குத் தப்பாது. ஷெட்யூல் ஈலயும் வரலைங்கறீங்களா? அப்போ உங்களுக்கு வேண்டியது நான் இல்லை, ஆடிட்டர்.

இந்திய வங்கியில போட்ட என்ஆர்இ வைப்புநிதியும் அப்படித்தான். நகையைத் தனியாக் கேக்கலை. நானும் சொல்லலை.

2024 நவம்பர் 3

தலையில அடிச்சுக்கறேன். 401கே ஓய்வுக்காலக் கணக்குல இருப்பு 3,10,000. ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் தனிக் கட்டம் இருக்கு, பெரும்பாலான கல்லூரி அதைச் சொத்தா எண்ணறதில்லை. நான் தூக்கக் கலக்கத்துல அதை முதலீடுங்கற கட்டத்துல போட்டு அனுப்பிட்டேன். அதாவது நானே வலியப் போய் வருஷத்துக்கு 15,500 டாலர் கூடக் கட்டறேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

ஒன்பது கல்லூரிக்கும் தனித்தனியா மின்னஞ்சல், கணக்கு அறிக்கையோட நகல். எட்டு இடத்துல “திருத்திக்கறோம்”னு பதில். ஒன்பதாவது இன்னும் வாயைத் திறக்கலை.

எந்தக் கணக்குல இருக்கற எந்தப் பணம் எந்தக் கட்டம்னு முதல்ல தாள்ல எழுதி வச்சுக்குங்க. பையன் பேர்ல தனியா இருக்கற பணம் வேற சேதி. பெத்தவங்க சொத்துல 5 எடுத்தா, பிள்ளை சொத்துல 25 எடுப்பாங்க. கல்லூரிக்குன்னு நாம சேர்க்கற 529 கணக்கு நம்ம சொத்துக் கணக்குலதான் வரும், பயம் வேண்டாம். தாத்தா பாட்டி ஆசையா பேரன் பேர்லயே போட்டு வச்சது இருக்கே, அதுதான் கடிக்கும்.

2024 நவம்பர் 10

அத்தை வீடியோ கால்ல: “என்னமோ நீட்டுங்கறாங்களே, எழுதினானா? எவ்வளவு மார்க்?” நாங்க வீட்டுல ராப்பகலா ‘நீட் பிளைண்ட்’, ‘நீட் அவேர்’னு பேசறதைக் கேட்டிருக்காங்க. இது அந்த நீட் இல்லை, தேவைன்னு அர்த்தம்னேன். “அப்போ தேவை இருக்கா இல்லையான்னு பரீட்சை வைக்கறாங்களா?”

கிட்டத்தட்ட அப்படித்தான்னு சொல்லிட்டேன்.

2024 நவம்பர் 11

அந்தப் பேச்சே வந்ததால: உதவி கேட்டா அட்மிஷன் போயிடுமான்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. நீட் பிளைண்ட் கல்லூரியில சேர்க்கற ஆபீஸ் உங்க பண நிலைமையைப் பார்க்காது. நீட் அவேர்ல பார்க்கலாம், விளிம்புல நிக்கற பிள்ளைக்கு அது இடிக்கலாம். அதுக்காக உதவி வேண்டாம்னு டிக் பண்ணிட்டு, சேர்ந்தப்புறம் கேட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. முதல் வருஷம் கேக்காதவங்களுக்கு அடுத்த சில வருஷம் கதவை மூடற கல்லூரிங்க உண்டு. கேக்கவேண்டிய வீடுன்னா முதல்லயே கேளுங்க.

பெத்தவங்க வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவுல இருக்கற பிள்ளைங்க விஷயம் கொடுமை. இங்கேயே ஒண்ணாங்கிளாஸ்லேருந்து படிச்சிருப்பாங்க, ஆனா ஃபாஃப்சா கிடையாது. நிறைய தனியார் கல்லூரி அவங்களை வெளிநாட்டு மாணவர் கணக்குலதான் வைக்கும். அவங்களுக்குக் கல்லூரியோட சொந்தப் பணம் ஒண்ணுதான் வழி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடின் வெளிநாட்டு மாணவருக்கும் நீட் பிளைண்ட். அங்கே இடம் கிடைக்கறது குதிரைக்கொம்புங்கறது வேற விஷயம். மத்த இடங்கள்ல ஒவ்வொண்ணாக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். கிரீன் கார்டு வரிசையில காத்திருந்தே 21 வயசு ஆயிட்டா எச்-4 போய் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறணும். என் தோழி பொண்ணு அந்த மாதத்தைக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா.

2024 நவம்பர் 21

எம்ஐடி நேத்து அறிவிச்சது பார்த்தீங்களா? 2025 இலையுதிர்காலத்துலேருந்து 2,00,000 டாலருக்குக் கீழ வருமானம், வழக்கமான சொத்துன்னா டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கிடையாது. 1,00,000க்குக் கீழன்னா பெத்தவங்க எதுவுமே கட்டவேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் இந்த மாதம்தான் டியூஷனுக்கு 2,00,000ங்கற வரம்பைச் சொன்னது, குடியிருக்கற வீட்டை எண்ணமாட்டோம்னும் சொல்லியிருக்கு.

பிளெயின்ஸ்போரோ சார், ஒன்றரை லட்சத்துக்கு மேல ஒரு பைசா இல்லைன்னீங்களே, எட்டிப் பாருங்க. ‘வழக்கமான சொத்து’ங்கற ரெண்டு சொல்லை மட்டும் நல்லாப் படிங்க. அதுக்குள்ள நிறைய அடங்கியிருக்கு.

ஃபாஃப்சாவும் இன்னிக்கு எல்லாருக்கும் திறந்தாச்சு. போன வருஷம் டிசம்பர் கடைசி வரைக்கும் காக்க வச்சானே, அதுக்கு இது தேவலை.

2024 டிசம்பர் 8

“எல்லாக் கல்லூரியும் கூடிப் பேசி வச்சுக்கிட்டு விலை வைக்கறானுங்க” — சிரிப்புக்குறி போட்டுக் கேட்டிருக்கீங்க. சிரிக்கவேண்டாம், கோர்ட்டு வரைக்கும் போன விஷயம் அது.

ஒரு காலத்துல ஐவி லீக்னு சொல்ற எட்டுப் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் வருஷா வருஷம் கூடி, ரெண்டு மூணு இடத்துல இடம் கிடைச்ச பிள்ளைக்கு யார் எவ்வளவு உதவி தர்றதுன்னு ஒத்துப்பேசிக்குவாங்க. 1991ல அமெரிக்க அரசோட நீதித்துறை வழக்குப் போட்டுது. ஐவிக்காரங்க சமாதானமாப் போயிட்டாங்க, எம்ஐடி மட்டும் மல்லுக்கட்டி நின்னுது. 1994ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு விலக்கு கொடுத்தது: பணத்தைப் பார்க்காம சேர்க்கற கல்லூரிங்க, உதவியைக் கணக்கிடற பொதுச் சூத்திரத்தைப் பத்தி மட்டும் கூடிப் பேசிக்கலாம். சட்டத்துல 568வது பிரிவு, அதுவே அந்தக் கூட்டத்துக்குப் பேர். 2022 ஜனவரியில முன்னாள் மாணவர்கள் சிகாகோ ஃபெடரல் கோர்ட்டுல வழக்குப் போட்டாங்க: நீங்க பணத்தைப் பார்க்காம சேர்க்கறதா சொல்றதே பொய், அதனால விலக்கும் செல்லாதுன்னு. அந்த செப்டம்பரோட விலக்கே காலாவதி ஆயிடுச்சு, கூட்டமும் கலைஞ்சுது. 2024 வரைக்கும் பத்துப் பல்கலைக்கழகம் தப்பை ஒத்துக்காமலே மொத்தம் 28 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதிச்சிருக்கு.

அதனால இப்போ ஒரே வீட்டுக்கு ரெண்டு கல்லூரி ரெண்டு விலை சொன்னா ஆச்சரியப்படாதீங்க. அந்த வித்தியாசம் நமக்கு நல்லது.

2024 டிசம்பர் 9

இதை நான் இங்கே சொல்லவேண்டாம்னு இருந்தேன். இவருக்கு ஆகஸ்டுல வேலை போச்சு.

படிவம் கேக்கறது 2023 வருமானம். பையன் சேரப்போற 2025க்கு முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷம். அந்த வருஷம் நாங்க நல்லா இருந்தோம். நடப்பு வருஷத்துக்கு மதிப்பும் கேக்கறாங்க, அதை ஒழுங்காப் போட்டிருக்கேன். கடைசியில ‘விசேஷ நிலைமை’ன்னு எழுதற பெட்டி இருக்கு. அதுல வேலை போன தேதி, அத்தைக்கு மாசா மாசம் அனுப்பற 300 டாலர், அத்தையோட முழங்கால் அறுவைக்கு நாங்க கட்டின தொகை எல்லாம் எழுதினேன். முதல்ல எழுதினது அழுகாச்சிக் கதை மாதிரி இருந்தது. பொண்ணு படிச்சுட்டு, “அம்மா, பெயரடை எல்லாம் எடு, தேதியும் தொகையும் மட்டும் வை”ன்னா. எடுத்தப்புறம் எட்டு வரிதான் மிஞ்சுச்சு.

2025 ஜனவரி 19

ஒன்பதாவது கல்லூரி பதில் போட்டாச்சு. 401கே திருத்தம் ‘பரிசீலனையில்’.

2025 பிப்ரவரி 16

இவருக்கு வேலை கிடைச்சுது. கான்ட்ராக்ட். முன்னே வாங்கினதுல முக்கால் பங்கு, இன்ஷூரன்ஸ் கிடையாது. வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

2025 மார்ச் 30

ஐந்து இடத்துல இல்லைன்னுட்டாங்க, ஒண்ணு காத்திருப்புப் பட்டியல், மூணு இடத்துல வாங்கன்னுட்டாங்க. மூணுல ஒண்ணு பையனே வேண்டாம்னுட்டான். மீதி ரெண்டுக்கும் பேர் சொல்லமாட்டேன். ஒண்ணு மலை மேல, ஒண்ணு ஆத்தங்கரையில.

மலைக் கல்லூரிக் கடுதாசி பளபளன்னு இருந்தது. ‘உங்கள் உதவித் தொகுப்பு: 46,400’. மொத்தச் செலவு 89,200, மீதி 42,800. இவர் சந்தோஷமா அத்தைக்குப் போன் போட எடுத்துட்டார். நான் உக்காந்து பிரிச்சேன். மானியம் 38,100. மீதியில 5,500 ஃபெடரல் கடன், 2,800 பையன் வேலை பார்த்துச் சம்பாதிக்கவேண்டியது. கடனை உதவின்னு எழுதற தைரியம் வட்டிக்கடைக்காரனுக்குக்கூடக் கிடையாது. நம்ம தலையில விழறது 51,100.

ஆத்தங்கரை: மொத்தச் செலவு 87,900, மானியம் 55,200. நாம கட்டறது 32,700. ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே படிவம்.

வித்தியாசம் 18,400. எங்கேயிருந்து வந்ததுன்னு அக்டோபர் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆத்தங்கரை வீட்டை எண்ணாது. மலை முழுசா எண்ணும். ரெண்டு பேர் படிக்கறதால 28,500ல 60 சதவீதம், 17,100. கிட்டத்தட்ட முழு வித்தியாசமும் ஒழுகற குழாய் இருக்கற அந்தக் குளியலறைதான்.

2025 மார்ச் 31

கடிதத்தை ஒப்பிடறப்போ ஒரே வரி போதும்: மொத்தச் செலவு கழித்தல் திருப்பித் தரவேண்டாத பணம். அதுக்குக் கீழ என்ன அச்சடிச்சிருந்தாலும் விடுங்க. ஒரு தோழிக்கு வந்த கடிதத்துல பெத்தவங்க வாங்கற பிளஸ் கடனையும் சேர்த்து ‘மீதி 0’ன்னு போட்டிருந்தாங்க.

ஹார்வர்டும் இந்த மாதம் வரம்பை ஏத்திடுச்சு, 2,00,000க்குள்ளன்னா டியூஷன் இல்லை. எங்க பையன் அங்கே போடவே இல்லை, ஆனா எங்க தெருவுல இன்னிக்குப் பேச்சு அதுதான்.

2025 ஏப்ரல் 4

மறுபரிசீலனைக்கு எழுதியாச்சு, ரெண்டு இடத்துக்கும். பேரம்னு சொல்லாதீங்க, அந்தச் சொல் அவங்களுக்குப் பிடிக்காது. ‘நிலைமை மாறியிருக்கு, மறுபடி பாருங்க’ன்னுதான் எழுதணும். வேலையை விட்டு நிறுத்தின கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, நியூ ஜெர்சி வேலையின்மை உதவி வாங்கின விவரம், புது கான்ட்ராக்ட். மலைக்கு மட்டும் ஆத்தங்கரைக் கடிதத்தோட நகலும் சேர்த்து வச்சேன்.

2025 ஏப்ரல் 17

ஆத்தங்கரை 9,400 கூட்டியிருக்கு. இப்போ 23,300. போன் பண்ணின அம்மா, “உங்க வீட்டுக்காரருக்கு வேலை நிலைக்கட்டும்”னு சொல்லிட்டு வச்சாங்க. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, தொகைக்கு இல்லை.

மலை: 2025 முழு வருஷ வருமானம் தெரிஞ்சப்புறம் பார்க்கலாம், இப்போதைக்கு மாத்தமில்லை. அவங்க விதி அப்படி. ஆத்தங்கரைக் கடிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

2025 ஏப்ரல் 20

அவசரப்பட்டுக் கொண்டாடிட்டேன். ராத்திரி தூக்கம் வராம யோசிச்சப்பத்தான் உறைச்சுது. பெரியவ 2026 மே மாதம் ரட்கர்ஸ் முடிக்கறா. அதுக்கப்புறம் வீட்டுல படிக்கறது ஒருத்தன்தான். 60 சதவீதம் போய் 100 ஆயிடும். இப்போ கட்டற 23,300ல எங்க பங்கு மட்டும் 21,000, மீதி பையன் கோடையில சம்பாதிக்கற கணக்கு. 21,000 முழுசானா 35,000.

எழுத்துலயே கேட்டேன். ஆமாம், மத்ததெல்லாம் இப்படியே இருந்தா ரெண்டாம் வருஷம் சுமார் 14,000 கூடும்னு ஒளிக்காம எழுதிட்டாங்க. நாலு வருஷத்தையும் வச்சுக் கூட்டினேன். ரட்கர்ஸ்ல பெரியவளுக்கு விடுதியோட வருஷத்துக்கு ஆகறதும் முப்பத்தைஞ்சாயிரத்துப் பக்கம்தான். அங்கே அவனுக்கும் ஹானர்ஸ்ல இடம் இருக்கு. முதல் வருஷம் ஆத்தங்கரை மலிவு, அப்புறம் கொஞ்சம் கூட.

முதல் வருஷக் கடிதத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னு மார்ச்சுல ஏன் எழுதலை நான்? எனக்கே தெரியலையே.

2025 மே 1

ஆத்தங்கரைக்கு முன்பணம் கட்டியாச்சு. ரட்கர்ஸ்தான் சரின்னு இவர் கடைசி வரைக்கும் சொன்னார், ரெண்டாம் வருஷத்துலேருந்து கணக்கும் அவர் பக்கம்தான் கொஞ்சம் சாய்ஞ்சுது. பையன் ஒண்ணும் பேசலை. அங்கே இருக்கற நதி ஆராய்ச்சிக் கூடத்துப் படத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில வச்சுட்டுப் போயிட்டான். மூணு நாள் அது அங்கேயே இருந்தது, சாம்பார் கொட்டிக் கறை ஆகிற வரைக்கும்.

2025 ஜூன் 22

ஊர் நூலகத்துலேருந்து பையனுக்கு 1,000 டாலர் பரிசு. வெளியிலிருந்து வர்ற எந்தப் பரிசையும் கல்லூரிக்குச் சொல்லணும். சில இடத்துல அதைத் தங்கள் மானியத்துலேருந்து கழிச்சுடுவாங்க, பரிசு வாங்கினதும் வாங்காததும் ஒண்ணாயிடும். எங்களுக்கு முதல்ல பையனோட வேலைப் பங்குலதான் கழிப்போம்னாங்க. கேட்டு வாங்கின பதில் அது, தானா வரலை.

2025 ஆகஸ்ட் 17

பிரின்ஸ்டனும் ஏத்திடுச்சு. 1,50,000 வரைக்கும் எல்லாமே இலவசம், 2,50,000 வரைக்கும் டியூஷன் இல்லை. பிளெயின்ஸ்போரோ சார் தன் பொண்ணுக்கு ஒன்பதாங்கிளாஸ்லயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் போட்டுப் பார்த்தாராம், தனிச்செய்தி அனுப்பியிருக்கார். பத்துக் கிலோமீட்டர்ல இருக்கற கல்லூரியை இத்தனை வருஷம் காசு கேக்கற இடம்னு நினைச்சுக் கார்லயே தாண்டிப் போயிருக்கேன்னு எழுதியிருக்கார். சார், அங்கே சீட்டு கிடைக்கணும் முதல்ல.

2025 அக்டோபர் 12

அடுத்த வருஷத்துக்குப் படிவம் திறந்தாச்சு. எங்க கல்லூரி வருஷா வருஷம் கேக்கும். இந்தத் தடவை 401கேயைச் சரியான கட்டத்துல போட்டேன், இவரைப் பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு தடவை பார்த்தேன்.

நிலத்துல ஒரு மாத்தம். நாத்தனார் கேட்டதால நாலு பேரும் பிரிச்சுக்கிட்டாங்க. சர்வேயர் வந்து அளந்ததுல எங்க பங்குல வாய்க்கால் கொஞ்சம் போயிடுச்சாம், 60 சென்ட் 58 ஆயிடுச்சு. அந்த ரெண்டு சென்ட் குறைஞ்சதை எழுதணுமா, போன வருஷத் தொகையையே போடலாமான்னு இவர் கேட்டார்.

கணக்குப் போட்டேன். இன்னிக்கு ரூபாய் விலையில வருஷத்துக்கு 9 டாலர். எழுதிட்டேன்.